முகம் திருப்பும் பாடம்

அந்த வீட்டில் பாப்பா அன்றைக்கு எவ்வளவு ஆட்டம் ஆடினாள் என்பதை உரித்த பூண்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அவள் அப்பாவான மெக்கானிக் நேரே சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்து பிளாஸ்டிக் டப்பாவை எட்டிப் பார்ப்பான். அடியில் நாலைந்து பல் கிடந்தால் நல்ல நாள். டப்பா நிரம்பிப் பக்கத்துக் கிண்ணத்திலும் குவிந்திருந்தால் மனைவியிடம் வாயைக் கொடுக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

"இவ்வளவு பூண்டையும் என்ன பண்றதா உத்தேசம்?" என்று ஒருநாள் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டான்.

"உங்க பொண்ணக் கேளுங்க. அவதான் சப்ளையர்."

உங்க பொண்ணு என்பது அடம் பிடிக்கும் நாட்களில் மட்டும். சமத்தாக இருக்கும் அபூர்வ வேளைகளில் பாப்பா அவளுடைய பெண்.

பாப்பாவுக்கு நாலு வயது. கீழ் வீட்டு டெய்லர் அவளுக்கு வைத்திருந்த பெயர் சைரன். கேட்டது கிடைக்காவிட்டால், சில நேரம் கேட்டது கிடைத்தாலும், முதலில் மூக்கு நுனி சிவக்கும். அப்புறம் முஷ்டி இறுகும். அதற்குப் பிறகு அந்தச் சத்தம் கிளம்பும். கையில் இருப்பது பறக்கும். சத்தம் அளவு மீறினால் டெய்லர் துணி அளக்கும் மரக்கோலை எடுத்துத் தன் கூரையை, அதாவது இவர்களுடைய தரையை, டொக் டொக்கென்று தட்டுவார். பாலர் பள்ளியில் ஒரு பிள்ளையின் காதைக் கடித்துவைத்ததும், "கொஞ்ச நாள் வீட்லயே வெச்சுக்கங்க" என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாக அனுப்பிவிட்டார்கள்.

தடுப்பூசி போடும் நர்ஸ்தான் அந்த ஏற்பாட்டைப் பற்றிச் சொன்னார். இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு வாரம் ஒரு தடவை போனிலேயே பேசிச் சொல்லித்தருகிறார்களாம். அலைய வேண்டாம். பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்து ஊரார் முறைப்பை வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம்.

"போன்ல பேசி இது அடங்குமா?" மெக்கானிக் சிரித்தான். "நேர்ல பேசியே நமக்கு நாக்குத் தள்ளுது."

"ஏன், லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்ககூட நீங்க எதுல பேசறீங்க? நேர்லயா?"

லிஃப்ட் பழுது பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. உயரமான கட்டடங்களின் உச்சியில், கிரீஸ் நாறும் சின்ன மோட்டார் அறைகளில் அவன் பகல்கள் கழிந்தன. லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் சுவரிலுள்ள போனை எடுப்பார்கள். மறுமுனையில் அவன் இருப்பான். கையால் பிரேக்கைத் தளர்த்திக்கொண்டே, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, "நான் இங்கதான் இருக்கேன். கதவத் தள்ளாதீங்க. இப்ப லேசா அசையும், அசைஞ்சதும் வெளிய வந்துடலாம்" என்று ஓயாமல் பேசுவான். பேச்சு நின்றால்தான் உள்ளே இருப்பவருக்குப் பயம் பிடிக்கும். யாரும் சொல்லித்தராமலே அவனுக்கு இது தெரிந்திருந்தது.

அப்படி அவர்கள் வீட்டுக்குள் வந்தவர்தான் போன் டீச்சர். புதன்கிழமை சாயங்காலம் மனைவியின் போன் அடிக்கும். ஸ்பீக்கரில் போட்டுச் சாப்பாட்டு மேஜைமேல் வைப்பாள். டீச்சரின் குரலுக்குப் பின்னால் இன்னும் பல குரல்கள் மங்கலாகக் கேட்கும். எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளின் ஆட்டத்தை ஒரே அறையில் உட்கார்ந்து கேட்கும் கூட்டம் அது. குரலை வைத்தே மனைவி அவருக்கு உருவமும் கொடுத்திருந்தாள்.

"குண்டா இருப்பாங்க. கண்ணாடி கண்டிப்பா உண்டு. அடிக்கடி தண்ணி குடிக்கிறாங்க பாருங்க, மடக் மடக்குனு."

டீச்சரின் முதல் வாக்கியம் என்றும் மாறாது. "முதல்ல நல்லது ஒண்ணு சொல்லுங்க."

மனைவி வாரம் முழுக்கச் சேர்த்துவைத்த குறைகள் தொண்டை வரைக்கும் வந்து நிற்கும். ஆனால் நல்லது ஒன்று சொல்லாமல் டீச்சர் மற்ற எதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். "ம்ம்… நேத்து மத்தியானம் தூங்கினா" என்பாள் கடைசியில்.

"தூங்கினது நல்லதுதானே!" என்று டீச்சரும் சேர்ந்து சிரிப்பார்.

அவர் சொல்லித்தந்ததிலேயே கஷ்டமானது முகம் திருப்பும் பாடம். பிள்ளை அடம் பிடித்துக் கத்தும்போது, யாருக்கும் அடிபடாத வரைக்கும், அதைப் பார்க்கக் கூடாது, பதில் பேசக் கூடாது, திட்டவும் கூடாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு வேலை பார்க்க வேண்டும்.

"ஆனா ஒண்ணும்மா," டீச்சர் குரலை அழுத்தினார். "அடங்கின அந்த நொடியே திரும்பிடணும். திரும்பி, சிரிச்சு, என்ன நல்லது பண்ணினான்னு எடுத்துச் சொல்லிப் பாராட்டணும். காக்க வைக்கவே கூடாது. நீ அமைதியானா நான் திரும்புவேன்னு பிள்ளைக்கு நீங்க குடுக்கற வாக்கு அது. ஒரு தடவைகூட மீறாதீங்க."

மனைவி அதற்குத் தன் வழியைக் கண்டுபிடித்தாள். சமையலறையில் அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே, சுவரைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்துவிடுவாள். மடியில் பூண்டு. பின்னால் பாப்பா தொண்டை கிழியக் கத்துவாள், தரையில் புரளுவாள், அம்மாவின் பின்னலைப் பிடித்து ஆட்டுவாள். அம்மாவின் விரல்கள் பூண்டை உரித்துக்கொண்டே இருக்கும். கத்தல் விசும்பலாகி, விசும்பலும் நின்ற கணத்தில் சட்டென்று திரும்புவாள். "யாரு இங்க கையக் கட்டிக்கிட்டு அமைதியா உக்காந்திருக்கறது? என் தங்கமா?" பூண்டு நாறும் கைகளால் பாப்பாவின் கன்னங்களை ஏந்திக்கொள்வாள்.

மெக்கானிக்குக்கு அந்தப் பாடம் ஏறவே இல்லை. அலமாரிப் பக்கம் முகத்தைத் திருப்புவான்; அலமாரிக் கண்ணாடியில் திருட்டுத்தனமாகப் பிள்ளையைப் பார்ப்பான். பாப்பா கத்தலை நடுவில் நிறுத்தி, "அம்மா, அப்பா எட்டிப் பாக்கறாரு!" என்று புகார் வைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து கத்தலைத் தொடர்வாள்.

"உங்களுக்கு ஃபெயில்" என்பாள் மனைவி, சுவரைப் பார்த்தபடியே.

மெல்ல மெல்ல டப்பாவில் பூண்டு குறைந்தது. டெய்லரின் கோலுக்கும் ஓய்வு கிடைத்தது. அடுத்த பள்ளிப் பருவத்தில் மறுபடி சேர்த்துப் பார்க்கலாமா என்ற பேச்சுகூட எழுந்தது.

அது நடந்த நாளில் மெக்கானிக் வீட்டுக்குத் திரும்ப நேரமாகிவிட்டது. படியேறும்போது டெய்லர் தையல் மெஷினிலிருந்து தலை தூக்கினார்.

"இன்னிக்கு சைரன் ஒரே ஒரு தடவைதான், மெக்கானிக். மத்தியானம் ஆரம்பிச்சுது, நான் கோல எடுக்கறதுக்குள்ள கப்சிப். உங்க டீச்சர் பொல்லாத ஆளுதான்."

அவன் சிரித்துக்கொண்டே மேலே போய்க் கதவைத் திறந்தான். குழாயிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் தவிர வேறு ஓசையில்லை. சமையலறை வாசலில் பாப்பா சம்மணமிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாவாடை நனைந்து காய்ந்திருந்தது. எழுந்து போகக்கூட இல்லை. அவனைக் கண்டதும் விரலை உதட்டில் வைத்தாள்.

"உஷ்… சத்தம் போடாதப்பா. அம்மா முகத்தத் திருப்பிட்டு இருக்கா. நான் சமத்தா இருக்கேன். ரொம்ப நேரமா சமத்தா இருக்கேன்."

அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே மனைவி ஒருக்களித்துக் கிடந்தாள். முகம் சுவர்ப் பக்கம் இருந்தது. மடியில் இருந்த பூண்டு தரையெங்கும் உருண்டிருந்தது.

தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். விழுந்த கணத்தில் பக்கத்தில் ஒரு டாக்டரே நின்றிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். மெக்கானிக் அதை அவர் வாயால் மறுபடி மறுபடி சொல்ல வைத்தான். அவர் கோபித்துக்கொள்ளாமல் சொன்னார்.

காரியங்கள் எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்தார்கள். அவனுடைய அக்கா மட்டும் பெட்டியோடு தங்கிவிட்டாள். வீட்டைத் துடைத்தாள், சமைத்தாள், அவனைக் குளிக்கச் சொல்லி விரட்டினாள். அவள் இல்லாவிட்டால் அடுப்பே எரிந்திருக்காது. ஃபிரிட்ஜிலிருந்த பூண்டு டப்பாவைத் தூக்கியெறியப் போனபோது மட்டும் அவன் பிடுங்கித் திரும்ப உள்ளே வைத்தான்.

பாப்பா கத்தவில்லை. ஒரு தடவைகூட இல்லை. போட்டதைச் சாப்பிட்டாள், சொன்ன இடத்தில் படுத்தாள். மற்ற நேரமெல்லாம் சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு அந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"எப்படி அடங்கிட்டா பாரு," அக்கா வியந்துபோனாள். "என்னமோ பேய் மாதிரி ஆடுவான்னு சொன்னீங்க? என் கண்ணு, இப்படியே சமத்தா இரு. ஊருக்குப் போன அம்மா சீக்கிரம் வந்துடுவா." துக்கம் கேட்க வந்தவர்களும் தலையைத் தடவிச் சமத்து, சமத்து என்றார்கள். டெய்லர் பட்டுத் துணி மிச்சத்தில் ஒரு பொம்மைச் சட்டை தைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். பாப்பா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாளே ஒழிய விரித்துப் பார்க்கவில்லை. ஒவ்வொரு பாராட்டுக்கும் அவள் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்ததை மெக்கானிக் கவனித்தான். அது ஏனென்று அவனுக்குப் பிடிபடவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் மனைவியின் போன் அடித்தது. யார் பேசப்போகிறார்கள் என்று தெரியாமலே அவன் அதற்குத் தவறாமல் சார்ஜ் ஏற்றி வைத்திருந்தான்.

"என்னம்மா, போன வாரம் எடுக்கவே இல்லையே? சரி, முதல்ல நல்லது ஒண்ணு சொல்லுங்க." அதே உற்சாகக் குரல். மடக்கென்று தண்ணீர் குடிக்கும் சத்தம்.

அவன் போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றினான்.

"ஹலோ? பாப்பா அம்மா?"

"பாப்பா இப்ப கத்தறதில்ல டீச்சர்" என்றான். நல்லது என்று அதுதான் வாயில் வந்தது. அப்புறம் மீதியையும் சொன்னான். சுவரை, பூண்டை, சமத்தா இருக்கேன் என்று பாப்பா சொன்னதை.

மறுமுனையில், டீச்சருக்குப் பின்னால், யாரோ ஒரு பெண் யாருக்கோ, "நீங்க கோவப்படாதீங்கம்மா, கோவப்படாம சொல்லிப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பது தெளிவாகக் கேட்டது. "ஒரு நிமிஷம் சார்" என்று டீச்சர் வைத்துவிட்டார். இனி கூப்பிட மாட்டார் என்று அவன் நினைத்தான். கூப்பிட்டார். அழுத குரல்.

"சார், இன்னிக்கு கெட்டதையே முதல்ல சொல்லுங்க."

அவன் சொன்னான். அக்காவும் மற்றவர்களும் பாப்பாவை எப்படியெல்லாம் புகழ்கிறார்கள் என்பதையும் சொன்னான்.

"அவ அடங்கல சார், காத்துக்கிட்டிருக்கா" என்றார் டீச்சர். "அமைதியா இருந்தா அம்மா திரும்புவான்னு வாக்குக் குடுத்திருக்கோம். நான்தான் குடுக்கச் சொன்னேன். யாராவது சமத்துன்னு சொல்லும்போதெல்லாம், இன்னும் கொஞ்சம் இருந்தாப் போதும் போலிருக்குன்னு பிள்ளை நினைக்கும். ஊருக்குப் போயிருக்கா, தூங்கறாங்கறதெல்லாம் வேணாம். செத்துட்டான்னு சொல்லணும். அந்த வார்த்தையாலேயே."

"என்னால ஆகாது டீச்சர். நானே இன்னும் அந்த வார்த்தைய வாயில எடுக்கல."

"அப்ப என்கிட்ட சொல்லிப் பழகுங்க. மத்த பாடமெல்லாம் உங்க வீட்டம்மாகூட அப்படித்தான் செஞ்சோம். நான் பாப்பாவா இருப்பேன், அவங்க அம்மாவா பேசுவாங்க. உங்களுக்கு எப்ப தோதுப்படுமோ சொல்லுங்க, கூப்பிடறேன்."

மறுநாள் மத்தியானம் ஒரு அலுவலகக் கட்டடத்தின் மோட்டார் அறையில் அவன் போனோடு உட்கார்ந்தான். உதவிக்கு வந்தவனைச் சாப்பிட அனுப்பியிருந்தான். மோட்டார் அணைந்திருந்தது, கம்பி வடங்கள் கீழே இருட்டுக்குள் அசையாமல் தொங்கின.

"நான்தான் பாப்பா" என்றார் டீச்சர். குரலை மாற்றவெல்லாம் இல்லை. "அப்பா, அம்மா எங்க?"

"பாப்பா… உங்கம்மா வந்து…" எழுந்து கதவு தாழ்ப்பாளைச் சரிபார்த்தான். "அம்மா செத்துட்டா."

அந்தச் சின்ன அறையில் அது இரும்பில் பட்டுத் திரும்பி வந்தது. அவன் குந்தி உட்கார்ந்து, கிரீஸ் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டான். டீச்சர் அவசரப்படுத்தவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் மறுபடி பாப்பாவாகக் கேட்டார்.

"நான் கத்தினதாலயாப்பா?"

அவன் முகத்திலிருந்து கையை எடுத்தான்.

"இதை அவ கேப்பா சார்" என்றார் டீச்சர், டீச்சராக. "வாய் விட்டுக் கேக்கலைன்னாலும் உள்ளுக்குள்ள கேட்டுக்கிட்டே இருப்பா."

அக்காவிடம் சொன்னபோது அவள் கரண்டியை விட்டெறிந்தாள். "பச்சப்புள்ளகிட்ட போய் இதையெல்லாம் சொல்லுவியாடா? ஈவு இரக்கம் இருக்கா உனக்கு? மூஞ்சி தெரியாத எவளோ போன்ல சொன்னாளாம், இவரு கிளம்பிட்டாரு! அது அமைதியா இருக்கறது உனக்குப் பொறுக்கலையா?"

"நடுவுல நின்னுபோன லிஃப்டும் சத்தம் போடாதுக்கா" என்றான் அவன். "அதுக்காக விட்டுட்டு வந்துடறதில்ல."

அக்கா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "என்னவோ செய். நான் அங்க நிக்க மாட்டேன்."

அடுத்த புதன்கிழமை சீக்கிரம் வந்துவிட்டான். பாப்பா வழக்கமான இடத்தில் இருந்தாள். அவளைத் தாண்டி உள்ளே போய், அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே மனைவி உட்காரும் இடத்தில் உட்கார்ந்தான். சுவருக்கு முதுகைக் காட்டி, பாப்பாவைப் பார்த்து.

"அது அம்மா இடம்" என்றாள் பாப்பா.

"ஆமா. பாப்பா, அப்பா ஒண்ணு சொல்றேன். அம்மா உன்கிட்ட முகத்தத் திருப்பிக்கல. அம்மா செத்துட்டா."

"இல்ல. அம்மா நல்லா முகத்தத் திருப்பிக்கிட்டா. உன்ன மாதிரி எட்டிப் பாக்கல."

"தலைக்குள்ள ஒண்ணு உடஞ்சுபோச்சு. உடம்பு நின்னுபோச்சு. அதனால திரும்ப முடியல. முடிஞ்சிருந்தா திரும்பியிருப்பா. நீ அடங்கின உடனே திரும்பியிருப்பா."

பாப்பா கட்டியிருந்த கைகளைப் பார்த்துக்கொண்டாள். "நான் பிஸ்கட்டுக்குக் கத்தினேன்ல?"

இதைத்தான் அவன் பழகி வைத்திருந்தான். "நீ கத்தினதால இல்ல. அன்னிக்கு நீ கத்தாம இருந்திருந்தாலும் உடஞ்சிருக்கும். தூங்கியிருந்தாலும் உடஞ்சிருக்கும்."

பாப்பா யோசித்தாள். பிறகு ஏதோ கடையில் விலை கேட்பதுபோல மெதுவாகக் கேட்டாள்: "இன்னும் சமத்தா இருந்தா?"

அந்தக் கேள்வியை டீச்சர் ஒத்திகையில் கேட்கவில்லை.

"இல்லடா. எவ்வளவு சமத்தா இருந்தாலும் அம்மா வரமாட்டா" என்றான். தானும் அன்றாடம் சாயங்காலம் ஃபிரிட்ஜைத் திறந்து, முளைவிட்டு மஞ்சளாகிப்போன அந்தப் பூண்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

பாப்பாவின் மூக்கு நுனி சிவந்தது. முஷ்டி இறுகியது. பக்கத்திலிருந்த தண்ணீர் டம்ளர் பறந்து வந்து அவன் புருவத்தில் பட்டுக் கணகணவென்று தரையில் உருண்டது. எறிந்துவிட்டு அவள் அவனையே பார்த்தாள், திரும்பிக்கொள்கிறானா என்று. பழக்கதோஷத்தில் அவன் கழுத்து பாதி திரும்பியும்விட்டது. பிடித்து நிறுத்தினான். புருவத்திலிருந்து சூடாக எதுவோ வழிந்தது.

"பாக்கறேன்" என்றான். "உன்னத்தான் பாக்கறேன்."

சத்தம் கிளம்பியது. பாத்திர அலமாரி அதிர்ந்தது. அம்மா, அம்மா, அம்மா என்பதைத் தவிர அதில் வேறு சொல் இல்லை. நிற்க மாட்டேன் என்ற அக்கா ஓடிவந்து வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழேயிருந்து மரக்கோல் டொக்கென்று ஒரே ஒரு தடவை தரையைத் தட்டியது. அப்புறம் தட்டவில்லை, தையல் மெஷின் ஓடும் சத்தமும் நின்றது.

மேஜைமேல் போன் அடித்தது. அக்கா எடுத்து அப்படியே அவன் பக்கம் நீட்டினாள். அவன் போனைப் பாப்பா இருக்கும் பக்கம் பிடித்தான். டீச்சர் நல்லது எதையும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கேக்குது சார்… கேக்குது" என்றார். "நீங்க பேச்ச நிறுத்தாதீங்க."

"நான் இங்கதான் இருக்கேன்" என்றான் மெக்கானிக், பாப்பாவிடம். அவள் தரையில் விழுந்து காலை உதைத்தாள். "அப்பா இங்கதான் இருக்கேன்." எத்தனையோ பேரிடம் சொல்லிப் பழகிய வாக்கியம், தடங்கலில்லாமல் வந்தது. அதற்கு அடுத்த வாக்கியம், இப்ப லேசா அசையும், வெளிய வந்துடலாம் என்பது, நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைச் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை. முதல் வாக்கியத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.